ஃபெரட்டா வழியாகப் போன வயா

இந்த ஆண்டு ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் லில்லி அக்காவின் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. எந்த வெள்ளி என்பதில் எனக்கும் அவருக்கும் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு, செய்தியில் இல்லை. அதை எழுத்து மாறாமல் படியெடுத்து வைத்திருக்கிறேன்: “அம்மா, மழை முடிஞ்சதும் இங்க எங்களோட வயா ஃபெரட்டாவைத் திறக்கறோம். அப்பா வந்து ஏறணும்னு தேவ்வும் ஆசைப்படறார். நீயே அப்பாகிட்ட சொல்லிடு. நான் சொன்னேன்னு சொல்லாதே.”

செய்தியில் வரும் அப்பாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். வட சென்னை மண்ணில் இதுவரை நடமாடிய மனிதர்களில் எந்த இடத்துக்கும் நேராகப் போகாதவர் அவர் ஒருவர்தான். ராயபுரம் முழுக்க அவருக்கு ஒரே பெயர்: வயா.

திருவொற்றியூரில் கன்டெய்னர் ட்ரெய்லர்களுக்கு புக்கிங் பார்ப்பது அவர் தொழில். துறைமுக வாசலை நோக்கி ட்ரெய்லர்கள் மூட்டைப்பூச்சிபோல் ஊரும் சாலையில், எந்த வண்டியை எந்தப் பக்கம் திருப்பினால் சீக்கிரம் உள்ளே போகும் என்று காதில் கைபேசியை ஒட்டிக்கொண்டு கத்திக்கொண்டே இருப்பார். “மணலி வயா வராத நைனா, பிளாக்கு! மாதவரம் வயா வா!” கத்தியது தொண்டையோடு நிற்காமல் புத்திக்குள் இறங்கிவிட்டது. அவர் வீட்டுக்கு நேர் எதிரே தேவாலயம். ஞாயிற்றுக்கிழமை அவர் மீன் மார்க்கெட் வழியாகச் சுற்றிக்கொண்டு பிரசங்கத்தின் கடைசி வாக்கியத்துக்குப் போய்ச் சேருவார்.

“ஏன்யா, ரோட்டைத் தாண்டினா கோயில்தானே?” என்று ஒருமுறை கேட்டேன்.

“தாண்ட சொல்லோ எதிர்ல வண்டி வரும் அண்ணாச்சி.”

“அது முட்டுச்சந்து. வண்டி எப்படி வரும்?”

“திரும்பினு வரும்.”

அவர் பெயரின் மூலம் குறித்து இரண்டு கட்சிகள் உண்டு. லாரிக்காரர்கள் வாயில் புழங்கும் ஆங்கிலச் சொல்தான் அது என்பது ஒன்று. எங்கள் பகுதியில் பழம் பயமாகும், கோழி கோயியாகும். அப்படி ‘வழியா’ என்ற தமிழ்ச் சொல்தான் தேய்ந்து ‘வயா’ ஆனது என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு என்பார் லில்லி அக்கா. வயாவின் மனைவி அவர். ஏரியாவில் நேராகப் பேசுவதில் அவருக்கு நிகர் கிடையாது.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு விஷயத்தில் மட்டும் சுற்றுவழியைப் பொறுத்துக்கொள்ளவில்லை. மகள் ஷீபா பெங்களூரில் வேலை பார்த்தாள். விடுமுறைக்கு இமாச்சலப் பக்கம் மலையேறப் போனவள், அங்கே வழிகாட்டியாக இருந்த தேவ் என்ற பையனைக் கல்யாணம் செய்துகொள்ள முடிவு செய்தாள். அதை அம்மாவிடம் சொன்னாள். அம்மா பெரியம்மாவிடம் சொன்னார். பெரியம்மா பாதிரியாரிடம் சொன்னார். பாதிரியார் ஒரு ஜெபக் கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும் நேரத்தில் வயாவிடம் சொன்னார்.

“பையன் யாரு இன்னான்றது பிரச்சன இல்ல அண்ணாச்சி. எம் பொண்ணு எங்கைல ஏன் நேரா சொல்லல?” என்று அன்று என் கடையில் வந்து கேட்டார். அவர் வாயிலிருந்து ‘நேரா’ என்ற சொல் வந்து நான் கேட்டது அதுவே முதல் தடவை. பிறகு மகளுக்குப் போன் போட்டு, இனி இந்த வீட்டுப் படி ஏறாதே என்று சொல்லிவிட்டார். அவள் ஏறவில்லை; தேவ்வைக் கட்டிக்கொண்டு இமாச்சலிலேயே தங்கிவிட்டாள். இரண்டு கிறிஸ்துமஸ் அப்படியே போயின.

ஆகவே அந்த ஆடி வெள்ளியன்று அவர் லில்லி அக்காவின் கைபேசியைத் தூக்கிக்கொண்டு என் கடைக்குள் நுழைந்தபோது நான் கொஞ்சம் பயந்தேன். ஆனால் அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. தொழில்ரீதியான அதிருப்தி.

“இத்த பட்ச்சு பாரு அண்ணாச்சி. வயா ஃபெரட்டான்னு எயுதிகீறா. சரி, ஃபெரட்டா வயியா வரணும், ஒத்துக்கறேன். எந்த ஊருக்கு வரணும்? அத்த காணோம்! என் வவுத்துல பொறந்துட்டு, ரூட்டு சொல்றா, ஊர் சொல்ல மாட்றா!”

“உங்க வயித்துலயா பொறந்தா?” என்று பின்னாலேயே வந்த லில்லி அக்கா கேட்டார்.

“கம்முனு இரு. தொயில் பேசினு கீறோம்.”

எனக்கும் அந்தச் சொல் புதிது. தேடிப் படித்துச் சொல்கிறேன், ஒரு நாள் பொறுங்கள் என்றேன். பொறுப்பாரா? அன்றைக்கே மாதவரம் பேருந்து நிலையத்துக்குப் போய் ஃபெரட்டா வழியாகப் போகிற வண்டி எது என்று விசாரித்திருக்கிறார். அங்கே டீ விற்கிறவர் நெற்றியைச் சுருக்கி யோசித்துவிட்டு, “அது நெல்லூர் தாண்டி சார். எறங்கிக் கேளுங்க, ஆட்டோ கீது” என்றாராம். தெரியாது என்று சொல்லி ஒருவரை அனுப்பிவைக்கும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது.

மறுநாள் நான் விளக்கினேன். இத்தாலிய மொழியில் அதற்கு ‘இரும்பு வழி’ என்று பொருள். செங்குத்தான பாறையில் இரும்புப் படிகளை அறைந்து, பக்கத்திலேயே கம்பி வடம் கட்டியிருப்பார்கள். ஏறுகிறவர் இடுப்புப் பட்டையில் இரண்டு கொக்கிகள். அவற்றை வடத்தில் மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். வடத்தைப் பாறையோடு பிணைக்கும் முளை வரும்போது ஒரு கொக்கியைக் கழற்றி முளைக்கு அந்தப் பக்கம் மாட்டிவிட்டுத்தான் மற்றதைக் கழற்றலாம். எந்த நேரமும் ஒன்றாவது மாட்டியிருக்க வேண்டும். முதல் உலகப் போரில் இத்தாலி மலைகளில் படைகளுக்காக இப்படிப் போட்ட பாதைகள் உண்டு என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் போரைக் கேட்கவில்லை.

“வயான்னா வயி. ஃபெரட்டான்னா இரும்பு. இத்தாலிக்காரன் எம் பேரத்தான் வச்சிகீறான், நம்ம ஏரியா இரும்பத்தான் அடிச்சிகீறான். நான் போகாம எவன் போவான்?”

“அப்போ ஷீபாவைப் பார்க்கப் போறீங்க,” என்றேன்.

“அவள பாக்க போறேன்னு எவன் சொன்னான்? ரூட்டு பாக்க போறேன்.”

லில்லி அக்கா என் பக்கம் திரும்பாமல் ஜெராக்ஸ் இயந்திரத்தைப் பார்த்துப் புன்னகைத்தார். அன்று மாலையே, “வராங்க. நான் சொன்னேன்னு காட்டிக்காதே” என்று மகளுக்குப் பதில் போனது.

ஆவணியில் பயிற்சி தொடங்கியது. மண்ணடியில் கட்டட வேலைக்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் இரண்டு கொக்கி வைத்த பட்டை ஒன்று வாங்கினார். மொட்டை மாடியில் லில்லி அக்கா துணி உலர்த்தும் கம்பிதான் அவருடைய முதல் இமயம். இடுப்பிலிருந்து இரண்டு கொக்கிகளையும் கம்பியில் மாட்டிக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். துணி மாட்டும் கிளிப் ஒவ்வொன்றும் அவருக்கு ஒரு முளை. நின்று, ஒரு கொக்கியைக் கழற்றி, கிளிப்பைத் தாண்டி மாட்டி, மூச்சு வாங்கி, அடுத்ததைக் கழற்றுவார். பக்கத்து மாடியிலிருந்து ஒரு பெண் கேட்டாள், “இன்னா லில்லி அக்கா, வூட்டுக்காரர தொவச்சி காயப்போட்டுகீறீங்க?”

“ஈரமே போக மாட்டேங்குது,” என்றார் லில்லி அக்கா.

கைப்பழக்கம் வர வேண்டும் என்று பட்டையைக் கழற்றாமலே வெளியே புறப்பட ஆரம்பித்தார். ஒரு சனிக்கிழமை நானும் அவரும் விம்கோ நகருக்குப் பேருந்தில் போனோம். ஏறியதும் மேல்கம்பியில் இரண்டு கொக்கிகளையும் மாட்டிக்கொண்டார். எங்கள் நிறுத்தம் வந்தது. படிக்கட்டுவரை கொக்கி மாற்றி மாற்றி வந்தவர், அங்கே நின்றுவிட்டார். கீழே சாலை. சாலையில் மாட்ட எதுவும் இல்லை.

“எறங்குயா!” என்றார் நடத்துநர்.

“ஒண்ணு கயட்டுனா இன்னொண்ணு மாட்டி இருக்கணும் சார். ரூல்ஸு.”

“இன்னா ரூல்ஸு? எவன் போட்டான்?”

“இத்தாலிக்காரன்.”

பேருந்தில் பாதிப்பேர் திட்டினார்கள். மீதிப்பேர் சீட்டை விட்டு எழுந்து வந்து பார்த்தார்கள். கடைசியில் அவர் ஒரு கொக்கியைக் கழற்றி, முன்னால் இறங்கி நின்ற என் பெல்ட்டில் மாட்டினார். பிறகு மற்றதைக் கழற்றிக்கொண்டு கம்பீரமாக இறங்கினார். பேருந்து போன பிறகும் என்னை விடவில்லை. அடுத்து மாட்ட ஒரு மின்கம்பத்தைத் தாங்கும் கம்பி கிடைக்கும்வரை ஒரே கயிற்றில் நடந்தோம். எதிரே வந்த கன்றுக்குட்டி ஒன்று எங்களைப் புரிந்துகொண்டதுபோல் பார்த்தது.

மலைக்கு எங்கே போவது என்ற கேள்வி எழுந்தது. எங்கள் பக்கத்தில் மேடு என்றால் கடல் அரிப்பைத் தடுக்கத் திருவொற்றியூர் கரையில் கொட்டியிருக்கும் கருங்கற்கள்தான். புரட்டாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அங்கே போனோம். லில்லி அக்காவும் வந்திருந்தார். மீன் கூடையோடு அந்தப் பக்கம் போன அம்மாள் ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார்.

“இன்னா மாமு, நண்டு புடிக்கிறியா?”

“மல ஏறினுகீறேன்.”

“மல எங்க கீது?”

“இமாச்சல்ல கீது.”

“அத்த இங்க குந்திகினு எப்டி ஏறுவ?”

கேள்வி நியாயமானது, ஏனென்றால் வயா உண்மையில் குந்திக்கொண்டுதான் இருந்தார். என் தோளுயரம்கூட இல்லாத ஒரு பாறையின் மேல் ஏறியவர், எழுந்து நிற்க முடியாமல் நாலு காலிலும் ஒட்டிக்கொண்டிருந்தார். சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. அலை அதுவரை எட்டவில்லை.

“இவரு ஸ்டூல் மேல ஏறி பல்பு மாட்ட மாட்டாரு அண்ணாச்சி,” என்று லில்லி அக்கா மெதுவாகச் சொன்னார். “கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எங்க வூட்டு பல்பெல்லாம் நான்தான். ட்ரெய்லர் கேபின்ல கூட ஏற மாட்டாரு. கீயே நின்னுதான் கத்துவாரு.”

மாதக்கணக்காக நான் சிரித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் நின்றது. பாறையில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“யோவ், இதெல்லாம் எதுக்கு? ரயில் ஏறிப் போய் மகளைப் பார்த்துட்டு வாங்க. மலையில ஏறினாத்தான் பேசுவேன்னு அவ சொல்லலையே.”

அவர் கடலைப் பார்க்கவில்லை. கண்ணுக்குக் கீழே இருந்த கல்லையே பார்த்துக்கொண்டு பேசினார்.

“சும்மா போயி அவ மூஞ்சிக்கி நேரா நின்னா எனக்கு வாய் வராது அண்ணாச்சி. டீ குடிச்சியான்னு கேப்பேன், ரயிலு லேட்டுன்னு சொல்லுவேன், வந்துருவேன். மலைல அப்டி இல்ல. முன்னால அவ ஏறுவா, பின்னால நானு. அவ முதுவுதான் தெரியும். எங்கண்ணு கொக்கி மேல இருக்கும். அப்போ சொல்லிருவேன்.”

“என்னன்னு?”

“வூட்டுப் படி ஏறாதன்னு சொன்னேன் பாரு, அத்த வாபஸ் வாங்கிக்கறேன்னு.” கல்லை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார். “இப்போ என்ன கீய எறக்கி வுடு. பேஜாரா கீது.”

நானும் லில்லி அக்காவும் மீன்கார அம்மாளுமாக அவரை இறக்கினோம். அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். “போய்ட்டு வா நைனா, ஒண்ணியும் ஆவாது,” என்று கூடையிலிருந்து இரண்டு சங்கரா மீனை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு அவர் தினமும் காலையில் தனியாகவே அந்தப் பாறைகளுக்குப் போனார். என்னை அழைக்கவில்லை. ஐப்பசி பிறப்பதற்குள் பாறை மேல் நிமிர்ந்து நிற்கிறார் என்று ட்ரெய்லர் ஓட்டுநர்கள் வந்து செய்தி சொன்னார்கள். ஒரு கிரிக்கெட் ஸ்கோர்போல அது ஏரியா முழுக்கப் பரவியது. பயணத்துக்கு அவர் போட்ட திட்டத்தில் நாக்பூர், போபால், ஜெய்ப்பூர் என்று மூன்று இடத்தில் வண்டி மாற்றம் இருந்தது. லில்லி அக்கா அதை வாங்கிப் பார்த்தார். “நான் டெல்லிக்கு நேர் வண்டி புக் பண்ணிட்டேன். நீங்க எப்டியோ வந்து சேருங்க” என்றார். வயா ஒரு முழு நாள் சாப்பாட்டில் கோபத்தைக் காட்டிவிட்டு, அதே வண்டியில் அதே பெட்டியில் ஏறினார். நான் சென்ட்ரலில் கையசைத்தேன். அவரால் கையசைக்க முடியவில்லை. இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியில் கொக்கிகளை மாட்டிக்கொண்டிருந்தார்.

மலையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. லில்லி அக்கா போனில் சொன்னதை எழுதுகிறேன். ஷீபா முன்னால், வயா நடுவில், தேவ் பின்னால் என்று ஏறியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னே டெல்லியிலிருந்து வந்த சுற்றுலாக்காரர்கள் வரிசையாக. பாதிப் பாறையில், கீழே பார்த்தால் ஆறு நூல்போலத் தெரியும் இடத்தில், வயா நின்றுவிட்டார். பயத்தில்தான் நிற்கிறார் என்று கீழே நின்ற லில்லி அக்கா கர்த்தரைக் கூப்பிட ஆரம்பித்தாராம். அப்போது மேலிருந்து “ஷீபா!” என்று அந்தத் துறைமுகத் தொண்டை கேட்டது. அதற்குப் பிறகு வந்தது எல்லாம் காற்றில் போயிற்று. அவர் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். ஷீபா இரும்புப் படியில் நெற்றியைச் சாய்த்து அப்படியே நின்றிருக்கிறாள். பின்னால் சுற்றுலாக்காரர்கள் இந்தியில் கூச்சல் போட்டிருக்கிறார்கள். எண்ணூர் சாலையின் நெரிசலை வாழ்நாளெல்லாம் தீர்த்துவைத்த மனிதர், இமயத்தில் ஒரு நெரிசலை உண்டாக்கிவிட்டார்.

அவர்கள் மேலே போய்ச் சேர்ந்ததற்குப் படம் இருக்கிறது. ஷீபாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி வயா நிற்கிறார்.

பாறையில் அவர் சொன்னது என்ன, சொல்ல நினைத்ததைத்தான் சொன்னாரா என்று விசாரித்தேன். லில்லி அக்காவுக்குப் பெயர் மட்டும்தான் கேட்டது. தேவ்வுக்குத் தமிழ் தெரியாது. “பாபுஜி பஹுத் போலே”, அப்பா நிறையப் பேசினார், என்று மட்டும் சொல்லிச் சிரிக்கிறான். ஷீபாவுக்கே போன் செய்து கேட்டேன். “அது எனக்கும் அப்பாவுக்கும் அங்கிள்” என்று சொல்லிவிட்டு, “இருங்க, அப்பா கூப்பிடறார்” என்று வைத்துவிட்டாள்.

இதை எழுதும் கார்த்திகை மாதத்தில், அது உறுதி செய்யப்படாத தகவலாகவே நிற்கிறது. கிறிஸ்துமஸுக்கு மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு வருகிறாராம். வந்ததும் அவரிடமே கேட்கலாம். கேட்காமலும் இருந்துவிடலாம். ஏரியா ரொம்ப அமைதியாக இருக்கிறது. அவர் வந்தால் போதும்.