ஒரு சாண் வயர்

சீரியல் லைட்டின் வயர் பிளக் பாயிண்டுக்கு ஒரு சாண் எட்டவில்லை.

"இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இதோட சேர்த்துச் சொருகுங்க" என்றாள் மனைவி. "லீவுக்கு எல்லா வீட்டு பால்கனியும் மினுக்குது. எங்கண்ணன் குடும்பத்தோட வர்ற நேரத்துல நம்ம வீடு மட்டும் அழுது வடியணுமா?"

அவருக்குச் சுருக்கென்றது. ஆலையில் அவர் பாதுகாப்பு அதிகாரி. குடியிருப்பில் அவர் பெயரே 'சேஃப்டி'தான். போன வாரம்தான் மொட்டைமாடியில் எல்லோரையும் உட்காரவைத்து, பாக்ஸில் பாக்ஸைச் சொருகுகிறவன் சொந்த வீட்டுக்கே கொள்ளி வைக்கிறவன் என்று முழங்கியிருந்தார். கைதட்டல் வேறு.

"யாரு எட்டிப் பார்க்கப் போறாங்க?" என்றாள் மனைவி.

ஜன்னல் திரையை இழுத்துவிட்டுச் சொருகினார். எரிந்தது. அடுத்த சரத்துக்கு பிளக்கே இல்லை. வயரின் இரண்டு நுனிகளையும் துளைகளில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்கினார். பட்டென்று பொறி பறந்தது; வீட்டு ஃபியூஸ் போனது.

"ஃபியூஸ் கம்பி தீந்து போச்சே!"

"ஏதோ ஒரு கம்பியப் போடுங்க. அண்ணன் தெருமுனைக்கு வந்தாச்சாம்."

மச்சானிடம் மானம் போவதைவிடக் கொள்கை போவது மேல் என்று பட்டது. தடித்த செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டார். இதைச் செய்தவர்களை ஆலையில் அவர் திட்டாத திட்டில்லை. சுவிட்சைத் தட்டினார்.

தெருவே இருண்டது.

"என்னங்க பண்ணித் தொலைச்சீங்க?" என்றாள் மனைவி, ரகசியக் குரலில்.

மாடிப்படியில் ஒரே கூச்சல். குடியிருப்புச் செயலாளரின் குரல்தான் ஓங்கி ஒலித்தது. "எல்லாம் கீழ்வீட்டு டெய்லர் வேலை! நாள் பூரா அயர்ன் பாக்ஸ். சேஃப்டி சார் போட்ட மீட்டிங்குக்கும் அந்த ஆள் வரல. நாளைக்கே கடையைக் காலி பண்ணச் சொல்றேன்!"

சேஃப்டி இருட்டில் தடவி அந்தக் கம்பியை உருவி எடுத்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் தன் பெயர் தப்பும், டெய்லர் பிழைப்பு போகும். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

அவர் படியிறங்கி வந்தபோது லைன்மேன் ஏணியோடு வாசலில் நின்றிருந்தார். ஆளாளுக்கு லைன்மேனை ஓரமாக இழுத்துக் காதில் ஏதோ ஓதிவிட்டு வந்து, டெய்லரை முறைத்தார்கள். டெய்லர் மேல் புகார் மேல் புகார் போலிருக்கிறது என்று நினைத்தார் சேஃப்டி. டெய்லர் கழுத்தில் தொங்கிய டேப்பைப் பிசைந்தபடி நின்றார்.

"நான் ஒண்ணுமே பண்ணலைங்க" என்றார், யாரும் காதில் வாங்கவில்லை.

அதற்குமேல் சேஃப்டிக்குத் தாங்கவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்: "டெய்லர் மேல தப்பில்லை. தெருவை இருட்டாக்கினது நான்தான். பாக்ஸ்ல பாக்ஸ், தீக்குச்சி, செம்புக் கம்பி, எல்லாம் நான் பண்ண கூத்து. ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ண வாயாலயே சொல்றேன், என்னை மன்னிச்சிருங்க."

செயலாளர் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது சேஃப்டிக்கு.

லைன்மேன் ஏணியைச் சுவரில் சாய்த்தார்.

"நீங்களுமா சார்? மரக்கிளை வெட்டறதுக்காக லைனை நிறுத்தினதே நாங்கதான்னு சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள, செயலாளர்ல ஆரம்பிச்சு அத்தனை பேரும் இதையேதான் என் காதுல சொல்லிட்டுப் போனாங்க, இந்த டெய்லரைத் தவிர!"