பிளக்கு அங்கிளும் எங்கப்பாவும் ஒரு முன்சீட்டும்

மூணு ஸ்பார்க் பிளக்க வச்சி உங்க அப்பாவ யாராச்சும் தட்டிகினு போயிருக்காங்களா? என் அப்பாவ தட்டிகினு போயிருக்காங்க. ஆளு பேரு பிளக்கு அங்கிள். எங்க குவார்ட்டர்ஸ் பிளாக்ல மேல் வூடு, நிலக்கரி மைன்ஸ்ல பர்மனென்ட் வேல, மூணு பிளக்கு போடற ஒரு பழைய சிவப்பு கார். பிளக்கு வாங்கறதுல உலகத்துலயே அவர மாதிரி கிறுக்கு கெடையாது.

பண்ருட்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில எல்லா டப்பாவையும் பிரிச்சி வரிசையா நிக்க வெப்பாரு. ஒவ்வொன்னையும் காதுகிட்ட வச்சி நகத்தால தட்டுவாரு. கடைக்காரர் அழுவாரு: "அண்ணே, பிளக்குண்ணே அது, தேங்கா இல்ல!"

கடைசியில மூணு கம்பெனில மூணு எடுப்பாரு.

"ஏன் அங்கிள், மூணும் ஒரே மாதிரிதான போடணும்?"

"ஒரே கம்பெனின்னா மூணும் சேந்து ஸ்ட்ரைக் பண்ணிடும் தம்பி."

நான் மெக்கானிக்கல் இஞ்சினீரிங் முடிச்சவன். தலையில அடிச்சிக்கினேன்.

ஞாயித்துக்கெழம ஆனா கடலூர் பீச்சுக்குன்னு கெளம்புவாங்க. முன்சீட்ல எங்கப்பா. வூட்ல நான் எது கேட்டாலும் "ம்"முன்னு ஒரே எழுத்துல முடிக்கிற மனுஷன், அந்த சீட்ல உக்காந்தா பிளாக்கே திரும்பி பாக்கற மாதிரி சிரிப்பாரு. எனக்கு வயிறு எரியும் பாருங்க! அந்த மூணு கம்பெனி பிளக்கால கார் திருவதிகையில நிக்கும், நெல்லிக்குப்பத்துல நிக்கும். எறங்கி தள்ளி, டீ குடிச்சி, கத பேசி, பீச்ச பாக்காமலே திரும்புவாங்க. அப்பா அத ஒரு வாரம் சொல்லி சொல்லி சிரிப்பாரு.

விடுவனா? கார் புக்க பாத்து, சரியான நம்பர்ல ஒரே மாதிரி மூணு பிளக்கு வாங்கி நானே மாட்டிட்டேன். அந்த ஞாயிறு கார் எங்கயும் நிக்கல. பீச்ச பாத்துட்டு மதிய சாப்பாட்டுக்கே வந்துட்டாங்க. பாராட்டுவாருன்னு வாசல்லயே நின்னேன். அப்பா செருப்ப கழட்டிகினே சொன்னாரு: "என்னடா இது... போனோம், வந்துட்டோம்."

செத்தேன்.

இன்னிக்கி காலையில கதவ தட்டி அங்கிளே நிக்கிறாரு. "தம்பி, ஒன் பிளக்கு தங்கம்டா. ஆனா வண்டி நின்னாதான எங்களுக்கு பேச்சு வரும்? அதான் ஒன்னே ஒன்ன கழட்டிட்டு என்னுத போட்டுட்டேன். ரெண்டு ஒன் கட்சி, ஒன்னு என் கட்சி. வா, முன்னாடி உக்காரு."

"யோவ், அது என் சீட்டுய்யா!" அப்பா கத்துனாரு.

"பின்னாடி போய்யா. எனக்கு இஞ்சினீரு வந்துட்டான்."

இத அந்த முன்சீட்லதான் டைப் பண்ணிகினு இருக்கேன். மேல்பட்டாம்பாக்கம் தாண்டி கார் நின்னுபோச்சு. தள்ளணும், எறங்குறேன்.