ஒரு கேலன் நன்றி

"அந்தச் சங்கிலியை இன்னிக்கே அறுத்துடட்டுமா, வக்கீலம்மா?" என்று கேட்டார் எல்வுட் தீபோ. இரும்பு வெட்டும் கத்தரியைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"அறுத்தீங்கன்னா அடுத்த கேஸ் உங்க மேலதான். கத்தரியை அந்த நாற்காலிக்கு அடியில வைங்க. போறப்ப மறந்துட்டுப் போங்க" என்றாள் லொரேன் பெல்வில்.

எல்வுட்டின் மேப்பிள் தோப்பு மலைமேல் இருந்தது. அங்கே போக ஒரே ஒரு வண்டிப்பாதை, அதுவும் பக்கத்து வீட்டு ஹோமர் கிரெய்னின் நிலத்தில். இருபத்திரண்டு வருஷமாகப் போய்வந்த பாதை. புத்தாண்டுக்கு மறுநாள் காலை பார்த்தால் குறுக்கே சங்கிலி, பூட்டு. ஏன் என்று கேட்டால் ஹோமர் கதவைச் சாத்திக்கொண்டார்.

"மார்ச் பிறந்தா மரத்துல சாறு இறங்கும். ஆறே வாரம். அப்புறம் நின்னுடும். அதைக் காய்ச்சி எடுக்கற பாகுதான் வருஷம் பூரா என் பிழைப்பு."

"அதுக்குள்ள பாதையைத் திறந்துடலாம்" என்று சொல்லிவிட்டாள் லொரேன். எப்படி என்று அவளுக்கே தெரியாது.

இரும்புக்கடை மாடியில் அவளுக்கு ஒற்றை அறை ஆபீஸ். வக்கீல், குமாஸ்தா, வாசலில் பனி தள்ளுகிற ஆள் எல்லாம் அவளே. போன் அடித்தால், "பெல்வில் வக்கீல் ஆபீஸ். இருங்க, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று ஒரு குரலில் சொல்வாள். அரை நிமிஷம் கழித்து அதே தொண்டையைக் கொஞ்சம் இறக்கி, "சொல்லுங்க" என்பாள். ஊருக்கே தெரியும். மரியாதைக்குக் காத்திருப்பார்கள்.

சந்தேகம் வந்தால் கேட்க ஆள் கிடையாது. இருந்த ஒரே துணை, வக்கீல் சங்கம் நடத்திய மின்னஞ்சல் குழு. தனியாகத் தொழில் செய்கிற வக்கீல்களுக்கானது. கட்சிக்காரர் யாரென்று தெரியாதபடி விவரத்தை மாற்றிக் கேள்வி எழுத வேண்டும். சங்க ஆபீஸில் இருக்கும் பெர்னிஸ், எழுதியவர் பெயரையும் ஊரையும் அழித்துவிட்டு மற்றவர்களுக்கு அனுப்புவாள். பதிலும் அப்படியே மொட்டையாகத் திரும்பும்.

லொரேன் மேப்பிளை ஆப்பிளாக்கி எழுதினாள். "என் கட்சிக்காரர் ஆப்பிள் தோப்புக்குப் போகும் பாதையை அண்டை வீட்டார் அடைத்துவிட்டார். காப்பாற்றுங்கள்."

சாயங்காலத்துக்குள் மூன்று பதில். முதலாவது இரண்டு பக்கம்: பதினைந்து வருஷம் யாரையும் கேட்காமல் உரிமையோடு போய்வந்திருந்தால் அனுபவ பாத்தியதை உண்டு, பழைய புகைப்படம் இருந்தால் சேர்க்கவும். இரண்டாவது ஒரே வரி: "போட்டோ. நிறைய போட்டோ." மூன்றாவது: "தைரியமாக இருங்கள். எதிர்க்கட்சி வக்கீல்கள் பொதுவாகப் படிப்பதில்லை."

லொரேனுக்குக் கண் கலங்கியது. முகம் தெரியாத இந்த மூவருக்கும் எப்போதோ பெயர் வைத்திருந்தாள்: நீளக்காரர், சிடுமூஞ்சி, குறும்பர்.

எல்வுட் ஒரு பெட்டி நிறையப் புகைப்படம் கொண்டுவந்தார். பாதை தெரிகிற பதினெட்டையும் அவள் கோர்ட்டில் தாக்கல் செய்தாள். ஹோமருக்கு ஆஜரானவர் ஆர்லோ விட்கோம்ப். மலைக்கு அந்தப் பக்கம் அவரும் ஒற்றை ஆள்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கையெழுத்துப் போட அவளுடைய பச்சைப் பேனாவை வாங்கியவர், திருப்பித் தரவில்லை. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது.

மறுவாரம் குழுவில் யாரோ கேட்டிருந்தார்கள்: "என் கட்சிக்காரரின் நிலம் வழியாக ஒருவர் வருஷக்கணக்காக ஏரிக்குப் படகு கொண்டுபோகிறார். இப்போது உரிமை என்கிறார். எப்படி உடைப்பது?"

பாவம், யாரோ திண்டாடுகிறார். வாங்கிய உதவிக்குக் கைம்மாறு செய்ய வேண்டாமா? காலையில் காபியோடு உட்கார்ந்து விளக்கமாக எழுதினாள். மத்தியானம் பசியில் இன்னொன்று தோன்ற, ஒற்றை வரியில் தட்டிவிட்டாள். சாயங்காலம் உற்சாகம் வந்து மூன்றாவதும் எழுதினாள்: "படகுக்காரர் வருஷாவருஷம் நில உடைமையாளருக்கு மீனோ விறகோ கொடுத்தாரா பாருங்கள். கொடுத்திருந்தால் அது நன்றி. நன்றி சொன்னவர் அனுமதி வாங்கியவர். அனுமதி என்றால் உரிமை இல்லை, கேஸ் முடிந்தது. அதற்குப் போட்டோ ஆதாரமே இருக்கும். எதிர்க்கட்சி வக்கீல் அசடு, தானே தாக்கல் செய்திருப்பார்."

பத்து நாளில் ஆர்லோவிடமிருந்து மனு வந்தது. லொரேனின் ஏழாம் எண் புகைப்படத்தைப் பெரிதாக்கி இணைத்திருந்தார். அதில் பாதை பளிச்சென்று தெரிந்தது. பாதையோரத்தில் எல்வுட் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி, சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு கேலன் பாகு டப்பாவை ஹோமரிடம் நீட்டிக்கொண்டிருந்தார். "ஆண்டுதோறும் நன்றி செலுத்தியதால், அனுமதி பெற்றே சென்றார் என்பது வெளிப்படை."

லொரேன் போனை எடுத்தாள். "பெர்னிஸ், குழுவுல யாரோ துரோகி இருக்கான். நான் எழுதினதை அப்படியே எடுத்து ஆர்லோகிட்ட குடுக்கறான்."

"எனக்கென்னம்மா தெரியும்? நான் பேரை அழிக்கறேன், அவ்வளவுதான். உங்க சட்டத்தைப் படிச்சா எனக்குக் கொட்டாவி வருது."

எல்வுட்டைக் கூப்பிட்டுக் கேட்டாள். "வருஷா வருஷம் பாகு குடுத்தீங்களா?"

"கிறிஸ்துமஸுக்குக் குடுக்காம? மனுஷன் இல்லையா நான்?"

"மனுஷனா இருந்ததுதான் வம்பாப் போச்சு."

"அப்ப கத்தரி?"

"தொடாதீங்க!"

துரோகி இருந்தால் இருக்கட்டும் என்று அன்றைக்கே மறுபடி குழுவுக்கு எழுதினாள். ஆப்பிள்காரர் வருஷாவருஷம் ஒரு கூடை ஆப்பிள் கொடுத்துத் தொலைத்திருக்கிறார், முழுகிக்கொண்டிருக்கிறேன் என்று. மூவரும் கைவிடவில்லை. நீளக்காரர்: "இருபக்கமும் கொடுக்கல் வாங்கல் இருந்தால் அது அனுமதிக்கான நன்றி ஆகாது, அக்கம்பக்கத்துப் பழக்கம்." சிடுமூஞ்சி: "கூடை காலியாகவா திரும்பியது? விசாரி." குறும்பர்: "எதிர்க்கட்சி வக்கீல் மண்டு, இது அவருக்குத் தோன்றவே தோன்றாது."

பிப்ரவரி கடைசி வெள்ளிக்கிழமை விசாரணை. வெளியே வெயில் லேசாக உறைக்க ஆரம்பித்திருந்தது. எல்வுட் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி லொரேன் கேட்டாள்:

"பாகு டப்பா காலியாவா திரும்பி வரும்?"

"எந்த ஊர்ல காலி டப்பா அனுப்புவாங்க? ஹோமர் சம்சாரம் ஐவி, இலையுதிர்காலத்துல அதுல வெள்ளரி ஊறுகாய் போட்டு அனுப்பும். பாகு திகட்டினா தொட்டுக்க ஊறுகாய் வேணுமில்ல?"

ஆர்லோவுக்கு யாரோ தன் சட்டைப்பையில் கைவிட்டது போல ஒரு முழி.

நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப பாதைக்கு நன்றியா பாகு? இல்ல பாகுக்கு நன்றியா ஊறுகாய்?"

பின்வரிசையிலிருந்து ஹோமர் எழுந்துவிட்டார். "எதுவா இருந்தா என்னங்க? இந்தக் கிறிஸ்துமஸுக்கு டப்பாவே வரலை! இருபத்திரண்டு வருஷத்துல முதல் தடவை. அதான் சங்கிலி போட்டேன்."

"யோவ், போன இலையுதிர்காலத்துல ஊறுகாய் வரலையேய்யா!" எல்வுட் கூண்டிலிருந்தே கத்தினார். "உனக்கு என்ன கோபமோன்னு நான் பயந்து போய் டப்பாவைக் கொண்டுவரலை."

"வெள்ளரிக் கொடி பனியில கருகிப் போச்சுய்யா! ஐவி ஒரு வாரம் அழுதா."

நீதிபதி அம்மாள் சொன்னார்: "ரெண்டு வக்கீலும் பக்கத்து அறைக்குப் போய், பாதை எல்வுட்டுக்கு நிரந்தரம்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. சங்கிலியை இன்னிக்கே எடுத்துடணும்."

எழுதி முடித்தார்கள், ஒரு வார்த்தை பேசாமல். ஆர்லோ கையெழுத்துப் போட்டது பச்சைப் பேனாவில். லொரேன் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அந்த வருஷம் சாறு கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஏப்ரலில் எல்வுட் மாடியேறி வந்தார். "உங்களுக்கு யோசனை சொன்ன அந்தக் கூட்டத்துல எத்தனை பேரும்மா?"

"நாற்பது பேராவது இருப்பாங்க. தெய்வம் மாதிரி மனுஷங்க எல்வுட். ஒருத்தர் முகமும் தெரியாது. அவங்க இல்லேன்னா நான் எப்பவோ கடையைக் கட்டியிருப்பேன்." துரோகியைக்கூட அவள் மறந்துவிட்டாள்.

நாற்பது சின்ன பாட்டில் பாகு காரில் ஏறியது. இரண்டு மணி நேரம் ஓட்டி, சங்க ஆபீஸில் பெர்னிஸின் மேஜைமேல் முதல் பெட்டியை வைத்தாள்.

"குழுவுல எல்லாருக்கும் ஆளுக்கொண்ணு அனுப்பிடு பெர்னிஸ். என் நன்றின்னு சொல்லு."

பெர்னிஸ் பெட்டியைப் பார்த்தாள், லொரேனைப் பார்த்தாள், இழுப்பறையைத் திறந்து ஒரு பச்சைப் பேனாவை எடுத்து நீட்டினாள். "இதை உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு, ஆர்லோ விட்கோம்ப்."

"அவரா? இங்க எதுக்கு வந்தாரு? பதினோரு வருஷம் கழிச்சு இப்ப என்ன திடீர்னு?"

"நேத்து அவரும் இதே மாதிரிதான் வந்து நின்னாரு, ஐவி போட்ட ஊறுகாய் நாற்பது ஜாடியோட, குழுவுல எல்லாருக்கும் குடுன்னு. மத்தவங்க எல்லாம் விலகிப் போய் ஆறு வருஷமாச்சும்மா, குழுவுல இருக்கறதே நீங்க ரெண்டு பேர்தான்."