ஸ்டேஷன் மாஸ்டரின் மாத்திரை அட்டவணை

முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியதும், ரிட்டையர்டு ஸ்டேஷன் மாஸ்டர் முதல் வேலையாக மாத்திரை டப்பாவைக் கைப்பற்றினார்.

"முப்பத்தாறு வருஷம் ரயிலையே நேரத்துக்கு விட்டவன். ஒன்பது மாத்திரையைச் சமாளிக்க மாட்டேனா? இனிமே நீ இதைத் தொடக்கூடாது!"

"சரிங்க," என்றாள் மனைவி. அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னால் பயப்பட வேண்டும். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவர் அதை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

"ஆனா ஒண்ணு. பிசியோதெரபி சென்டர்ல ஃபார்மசிஸ்ட் அம்மா மாசாமாசம் எல்லா மாத்திரையையும் பார்ப்பாங்களாம். தப்பு இருந்துச்சுன்னா டப்பா என் கைக்கு வந்துடணும்."

"எழுதியே தரேன்!"

சுவரில் அட்டவணை ஏறியது. பிரஷர் மாத்திரை 6.10. சர்க்கரை மாத்திரை 7.25. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை 8.00, தாமதத்துக்கு இடமில்லை. சாக்பீஸ் கணக்காக இருந்த வெள்ளைக் கால்சியம் மாத்திரை மட்டும் தொண்டையிலேயே நின்று மக்கர் செய்தது. அந்த வண்டியை ரத்து செய்து, ரகசியமாக ரோஜாத் தொட்டியில் புதைத்தார்.

பயிற்சியில்தான் சிக்கல். தினமும் மாடிக்குப் பன்னிரண்டு படி ஏறச் சொல்லியிருந்தார்கள். எட்டாவது படியில் கால் கெஞ்சியது. பக்கத்து வீட்டு ரிட்டையர்டு தபால்காரரிடம் புலம்பினார்.

"எங்கிட்ட வலி மாத்திரை இருக்கு சார். போட்டா ஓடலாம்!"

"குடுங்க. எங்க வீட்ல மூச்சு விடாதீங்க."

மறுநாள் காலையில் ரோஸ் கலர் மாத்திரை வந்தது. பத்தே நாளில் பன்னிரண்டு படியும் ஏறிவிட்டார் மனிதர்!

பரிசோதனை நாளில் பயிற்சி கொடுக்கும் பெண், "எல்லாம் எக்சர்சைஸ் பண்ணின பலன் சார்," என்றாள். ஃபார்மசிஸ்ட் அம்மாவும் தலையாட்டினாள். தன் சாமர்த்தியத்துக்கான பாராட்டு வேறெங்கோ போவதை அவரால் பொறுக்க முடியவில்லை.

"எக்சர்சைஸாவது, மண்ணாவது! இதைப் பாருங்க!" சட்டைப் பையிலிருந்து ரோஸ் மாத்திரையை எடுத்து மேஜையில் வைத்தார். "வலி மாத்திரை. நானே ஏற்பாடு பண்ணினேன்."

"அது கால்சியம்ங்க," என்றாள் கூட வந்திருந்த மனைவி.

"என்னது?"

"நீங்க தொட்டியில போட்ட அதே கால்சியம்தான். வேற கம்பெனி, சின்ன சைஸ். தபால்காரர் அண்ணன் அன்னைக்கு சாயங்காலமே வலி மாத்திரை குடுக்கலாமான்னு எங்கிட்ட கேட்டுட்டாரு. நான் இந்த ஃபார்மசிஸ்ட் அம்மாவுக்கு போன் பண்ணினேன்."

"ரத்தம் உறையாம இருக்கப் போடுற மாத்திரையோட அந்த வலி மாத்திரையையும் சேர்த்துப் போட்டா, வயித்துக்குள்ள ரத்தம் கசியலாம் சார்," என்றாள் ஃபார்மசிஸ்ட் அம்மா.

"கேட்டதும் எனக்கு உயிரே போயிடுச்சு," என்றாள் மனைவி. "நான் குடுத்தா விழுங்க மாட்டீங்க. அதான் அவர் கையால குடுக்க வெச்சேன்."

ஸ்டேஷன் மாஸ்டருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அவள் பயந்துபோனது மனசை என்னவோ செய்தது. ஆனாலும் டப்பாவை அவ்வளவு லேசில் விட்டுவிட முடியுமா? விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார்.

டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, பதினொன்றரை மணி மாத்திரையைத் திறந்த அந்த வாயில் போட்டு, தண்ணீர் பாட்டிலை நீட்டினாள் மனைவி.