பால் பொங்கிய இருபது வீடுகள்

பெருங்களத்தூர்,
ஞாயிறு மாலை.

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் சுவிசேஷமுத்து அவர்களுக்கு, உங்கள் தங்கை மெட்டில்டாவின் கணவன் அசரியா ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, செல்லம்மா அக்காவின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்று அறிய ஆவல். பெருங்களத்தூரில் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் வண்டலூர், இதற்குப் போய்க் கடிதமா என்று நினைப்பீர்கள். எங்கள் இருவர் எண்ணையும் நீங்கள் பிளாக் செய்து ஐந்து வாரம் ஆகிறது. நேரில் வந்தால் அக்கா கதவைப் பாதி திறந்து நீங்கள் தூங்குவதாகச் சொல்கிறார்கள். உள்ளே உங்கள் தும்மல் கேட்கிறது. சர்ச்சில் நீங்கள் முதல் ஆராதனைக்கு மாறிக்கொண்டீர்கள். தபால்காரரை பிளாக் செய்ய வழியில்லை என்பதால் இந்த ஏற்பாடு.

விஷயத்துக்கு வருகிறேன். என் ‘வாங்க, மனை பார்க்கலாம்’ நிகழ்ச்சி ஞாயிறு காலை ஒன்பதரைக்கு வருகிறது. ஆராதனை நேரம் என்பதால் நம் சபையில் ஒருவரும் பதினேழு வருடமாக அதைப் பார்த்ததில்லை, நானும் அந்த மட்டில் நிம்மதியாக இருந்தேன். அந்த ஒரு ஞாயிறு உங்களுக்கு முழங்கால் வலி வந்து, நீங்கள் சர்ச்சுக்குப் போகாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். (இதை நான் போதகரிடம் சொல்லவில்லை.) நீங்கள் கண்டது, ஊரப்பாக்கத்தில் ஒரு புது அடுக்குமாடி வீட்டுச் சமையலறை. நீங்கள் கிறிஸ்துமஸுக்கு எடுத்துக் கொடுத்த மாம்பழ நிறப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு மெட்டில்டா பால் காய்ச்சுகிறாள். பக்கத்தில் சீர்த்தட்டோடு ஓர் ஆள். நான் கேமராவைப் பார்த்து, “அண்ணன் சீரோடு வந்திருக்கிறார் பாருங்கள்” என்கிறேன். ஐந்து நிமிடத்தில் உங்கள் மெசேஜ் வந்தது: “டிவியில் பார்த்தேன். புது அண்ணனுக்கு வாழ்த்துகள்.” அதோடு தொடர்பு துண்டிப்பு. மெட்டில்டா அதைப் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள். அன்றிலிருந்து உங்களுக்குப் பிடித்த மொச்சைக் குழம்பாக வைத்துக்கொண்டிருக்கிறாள், தான் சாப்பிடுவதில்லை, நான்தான் ஐந்து வாரமாக மொச்சையோடு போராடுகிறேன்.

மச்சான், அது எங்கள் வீடு இல்லை. அந்த அண்ணனும் அண்ணன் இல்லை, அவர் பெயர் கதிரேசன், எங்கள் யூனிட்டில் லைட் பிடிப்பவர். நீங்கள் மிருகக்காட்சிசாலை டிக்கெட் கவுண்டரில் முப்பது வருடம் உட்கார்ந்து, ஐந்து வயது என்று கூட்டிவந்த எட்டு வயதுப் பிள்ளைகளை ஒரே பார்வையில் கண்டுபிடித்தவர். கதிரேசன் தட்டைப் பிடித்த விதத்திலேயே அவர் லைட்மேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோபம் கண்ணை மறைத்துவிட்டது போலிருக்கிறது.

என் தொழிலைப் பற்றி உங்களிடம் நான் முழுசாகச் சொன்னதில்லை. தாம்பரத்தில் கல்யாண ரிசப்ஷன்களில் மைக் பிடித்துக்கொண்டிருந்தவனை ஒரு பில்டர் அழைத்துப்போய், நட்டுவைத்த கல்லைத் தவிர ஒன்றுமில்லாத ஒரு பொட்டலில் நிறுத்தி, சித்திரை மாத உச்சி வெயிலில் கோட்டு மாட்டிவிட்டு, இதைப் பார்த்து என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்லுங்கள் என்றார். எனக்குத் தோன்றியது தாகம். ‘நாளைய நகரம்’ என்று சொன்னேன். அன்று பிடித்தது இன்னும் விடவில்லை. இந்தத் தொழிலில் ஒரே ஒரு விதிதான்: குப்பைமேடு, சாக்கடை, மின்கோபுரம், எது இருந்தாலும் அது கேமராவுக்குப் பின்னால் போய்விட வேண்டும். நேயர்கள் செடி கொடியைப் பார்ப்பார்கள், நான் மட்டும் குப்பைமேட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பேசுவேன். இந்தப் புறநகரின் அசிங்கத்தையெல்லாம் நேருக்கு நேர் பார்த்துச் சிரித்துச் சிரித்து எனக்குத் தாடை வலி நிரந்தரமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து மெட்டில்டாவிடம் சிரிப்பதற்கு மிச்சமில்லை, அது அவளுக்கு ஒரு குறை.

ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிடம் என்று சொல்வதும் நான்தான். ரவி, எங்கள் டைரக்டர், விடியற்காலை நாலு மணிக்கு யாருமில்லாத ரோட்டில் பைக்கில் போய் அளந்த ஐந்து நிமிடம் அது. போன வருடம் ஊரப்பாக்கம் ஸ்டேஷனை விட்டு வெளியே வருகிறேன், சின்னப்பன் என்று ஒரு கொத்தனார் என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். என்னை நம்பி வீடு வாங்கியவராம். “இன்னா சார், அஞ்சு நிமிஷம்னு சொன்னியே. வா, நட, நானும் கூட வர்றேன்” என்றார். நடந்தோம். முப்பத்தெட்டு நிமிடம். வழியில் அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, வாட்சை மட்டும் அடிக்கடி காட்டினார். வீடு வந்ததும் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, “குட்ச்சிட்டுப் போ சார், நாளைக்கும் பேசணுமில்ல” என்றார். குடித்துவிட்டு வந்தேன், மச்சான். மறுநாள் போய் வேறு ஓர் இடத்தை ஐந்து நிமிடம் என்று சொன்னேன்.

மெட்டில்டா இதற்குள் வந்தது ஒரு பொங்கல் சமயம். குடும்பத்தலைவியாக நடிக்க வர வேண்டிய பெண், ஊருக்குப் போகிற பஸ்களுக்கு நடுவே பெருங்களத்தூரில் மாட்டிக்கொண்டாள். அண்ணியைக் கூப்பிடுங்கள், பத்து நிமிட வேலை என்றார் ரவி. ஸ்கூலில் பாடம் முடித்து அப்படியே வந்து நின்றாள். மாடல் வீட்டில் கேஸ் கிடையாது, வாட்ச்மேன் ஷெட்டிலிருந்து ஒயர் இழுத்து ஒரு கரண்ட் அடுப்பு. பால் பொங்க நேரமாகிறது, கொஞ்சம் சோப்புத் தூள் போட்டால் நுரைத்துக்கொண்டு வரும் என்று ரவி சொன்னார். மெட்டில்டா, நடிப்பாக இருந்தாலும் பால் பால்தான் என்று சொல்லிவிட்டு அது தானாகப் பொங்கும்வரை நின்றாள். பொங்கும்போது உதடு அசைந்தது. என்ன என்று கேட்டேன். இந்த வீட்டுக்கு வருகிறவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று ஜெபம் பண்ணினாளாம். பிறகு சர்க்கரை போட்டுக் கட்டட வேலை செய்கிறவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தாள். அந்த வீடுகள் பத்து நாளில் விற்றுப்போயின. அவ்வளவுதான், அக்கா கைராசி என்று பில்டர்கள் வரிசையில் நின்றார்கள், அவள் ரிட்டயர் ஆன பிறகு மாதம் ஒரு வீடு என்றாகிவிட்டது. இதுவரை இருபது வீட்டில் பால் காய்ச்சியிருக்கிறாள். நாங்கள் இருப்பதோ, ஆணி அடிக்கக்கூட ஓனரைக் கேட்க வேண்டிய வாடகை வீடு.

ஊரப்பாக்கத்து வீடு இருபதாவது. சீர்த்தட்டும் அண்ணனும் ரவியின் புது யோசனை. மெட்டில்டா வேண்டாம் என்றுதான் சொன்னாள், என் அண்ணன் உயிரோடு இருக்கும்போது இன்னொருவர் எதற்கு என்று கேட்டாள். நான்தான் நேரமாகிறது, நில் என்றேன். தப்பு என்னுடையது. அதற்குத் தண்டனையாக உங்களுக்கு ஓர் உண்மை சொல்லிவிடுகிறேன், நீங்களோ உங்கள் நண்பர்களோ மறந்தும் அந்த வீட்டை வாங்கிவிடாதீர்கள். எதிரே ஏரி. அதாவது கேமராவுக்குப் பின்னால். அந்தப் பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரில், போன மழையில் தண்ணீர் நின்ற கோடு என் இடுப்புயரத்துக்குத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான், ‘இங்கே ஒரு குடும்பம் நிம்மதியாக இருக்கும்’ என்று முடித்தேன்.

ஆகவே மச்சான், எங்களுக்குச் சொந்த வீடு இல்லை. உங்களுக்குச் சொல்லாமல் எங்களுக்கென்று நாங்கள் எந்த வீட்டிலும் பால் காய்ச்சவில்லை, காய்ச்சினால் தட்டு ஏந்துகிற உரிமை உங்களுக்குத்தான். உங்கள் தங்கை ஐந்து வாரத்தில் இளைத்துவிட்டாள். என்னை மன்னிக்க முடியாவிட்டாலும் அவள் எண்ணை மட்டுமாவது திறந்துவிடுங்கள். கர்த்தர் உங்கள் முழங்காலுக்குப் பெலன் தரட்டும். செல்லம்மா அக்காவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
நேரில் வந்தால் சிரிக்காமல் பேசுவதாக வாக்களிக்கும்
அசரியா

பி.கு: கடிதத்தைப் பிழை பார்க்கச் சொல்லி மெட்டில்டாவிடம் கொடுத்தேன். பழைய வழக்கப்படி சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். தண்ணீர்க் கோடு வந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. பிறகு ‘எங்களுக்குச் சொந்த வீடு இல்லை’ என்ற வரியில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். ரிட்டயர்மென்ட் பணம் அத்தனையையும் போட்டு அந்த ஊரப்பாக்கத்து வீட்டை வாங்கிவிட்டாளாம், பதிவு போன மாதமே முடிந்துவிட்டதாம். என் அறுபதாவது பிறந்தநாளுக்குச் சொல்லலாம் என்று வைத்திருந்தாளாம். இருபது வீட்டில் எதற்கு இதைப் போய் என்று கேட்டேன். “மத்த பத்தொன்பது வீட்டுலயும் நீங்க சும்மா பேசினீங்க. நிம்மதியா இருக்கும்னு இங்க சொன்னப்போ மட்டும்தான் உங்க குரல் உடைஞ்சுது. மனசார சொல்றீங்கன்னு நம்பிட்டேன்” என்றாள். குரல் எதனால் உடைந்தது என்பதை அவள் சற்று முன்புதான் படித்திருக்கிறாள், அதனால் நான் விளக்கவில்லை. எந்த மாடி என்று மட்டும் கேட்டேன். “கீழ்தளம்தான். அண்ணனுக்கு முட்டி வலி, படி ஏற மாட்டாரு” என்றாள்.

வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பால் காய்ச்சுகிறோம். கதிரேசனிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. நீங்கள் வர வேண்டும் மச்சான். படி ஏற வேண்டியதில்லை, மழை பெய்தால் வேட்டியை மட்டும் கொஞ்சம் தூக்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.