மூன்றாவது விசிலுக்குப் பிறகு

கிறிஸ்துவுக்குள் பிரியமும், ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று எட்டு வருடமாகியும் மீசைக்கு மட்டும் ஓய்வு கொடுக்காத வீரமும் உடைய வேதசிரோமணி மாமா அவர்களுக்கு, மலாவி நாட்டிலிருந்து மருமகன் கிளாட்வின் பணிவுடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, தங்கச்சி பிளஸ்ஸி மூவரும் சுகம். நான் சுகமா இல்லையா என்பது தங்கள் பதிலைப் பொறுத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தாங்கள் நலமாயிருக்கவும், பரிபூரணம் அத்தையின் முழங்கால் வலி தங்கள் உத்தரவுக்காவது கீழ்ப்படியவும் வேண்டிக்கொள்கிறேன். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அத்தை குடும்பக் குழுவில் போட்டு, அது ஆலங்குளம் வரை போய்விடும். ஆகவே காகிதத்தில் எழுதி, இங்கே எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து விடுமுறைக்கு மதுரை வரும் டாக்டரம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன்.

மாமா, நின்றுகொண்டிருந்தால் தயவுசெய்து உட்காருங்கள். இராஜபாளையம் ஸ்டேஷனில் ரயில் நகர்ந்த பிறகும் தாங்கள் கூடவே ஓடிவந்து கதவு வழியாகத் திணித்தீர்களே, ஐந்து லிட்டர் குக்கர், அதன் ஒரே விசில் கடந்த திங்கட்கிழமை காலை எங்களை மீளாத் துயரத்தில் ஆழ்த்திவிட்டுப் போய்விட்டது என்பதைக் கனத்த இருதயத்தோடு அறிவிக்கிறேன். இத்தனை நாள் அதன் வழியாகத்தான் ஆவி பிரிந்துகொண்டிருந்தது. இப்போது அதுவே பிரிந்துவிட்டது. அதே கம்பெனி விசில் இந்த நாட்டில் கிடைக்காது. டாக்டரம்மா திரும்பும்போது ஒன்று வாங்கிக் கொடுத்தனுப்பவும்.

இன்னொரு காரியம். அப்பா தங்களுக்கு எழுதியிருப்பார்: ஜூன் மாதம் நான் இங்கே ஆன்லைனில் படிப்பதை நிறுத்திவிட்டு, தங்கள் வீட்டு மாடி அறையில் தங்கி அங்கேயே பிளஸ் ஒன் சேர வேண்டும், மாமா கையில் ஒரு வருடம் இருந்தால் பயல் நிமிர்ந்துவிடுவான் என்று. அதற்குத் தாங்கள் "இடம் இல்லை" என்று இரண்டே வார்த்தையில் பதில் போட வேண்டும். நான் எனக்காகக் கேட்கவில்லை மாமா, ஊழியத்துக்காகக் கேட்கிறேன். நான் இல்லாவிட்டால் இந்த மிஷன் ஆஸ்பத்திரி ஒரு வாரம் தாங்காது. அப்பா, இராஜபாளையத்து பேண்டேஜ் கம்பெனியில் பாய்லர் பார்த்த அதே கையால் இங்கே கருவிகளைக் கொதிக்கவைக்கும் மெஷினைப் பார்க்கிறார். ஆனால் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது யார்? அம்மா வார்டில் கட்டுப் போடுகிறாள். அந்தத் துணியைச் சுருட்டி வைப்பது யார்? பிளஸ்ஸி மூன்றே மாதத்தில் இந்த ஊர்ப் பாஷையைக் கற்றுக்கொண்டு அதிலேயே சண்டை போடுகிறாள். சமாதானம் பண்ணி வைப்பது யார்? ஊரே என்னைத் தெரிந்து வைத்திருக்கிறது. அப்பா என்னைக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு என் பெயரே "ஏலே" என்று முடிவு பண்ணிவிட்டார்கள். தலைமை டாக்டர் வெள்ளைக் கோட்டோடு வந்து "குட் மார்னிங், ஏலே" என்கிறார். ஞாயிறு ஆராதனையில் பாட்டுப் பாட "பிரதர் ஏலே" என்று மைக்கில் கூப்பிட்டார்கள். அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

சரி, விசில் போன கதைக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தின் விதிமுறை தங்களுக்குத் தெரியும். அம்மா மத்தியானச் சாப்பாட்டுக்குக் குக்கரை ஏற்றிவிட்டு வந்து உட்காருவாள், ஒரு கீர்த்தனை, ஒரு வேதபகுதி, பிறகு அப்பாவின் ஜெபம். மூன்றாவது விசில் வந்தால் ஆமென். அதற்கு மேல் ஒரு நிமிடம் நீண்டாலும் சாதம் குழைந்துவிடும், அம்மா குழைய மாட்டாள். ஊரில் குக்கர் ஏமாற்றினாலும் மில்லுச் சங்கு ஊதிக் காப்பாற்றிவிடும், இங்கே அதுவும் கிடையாது. அப்பா உலகத் தலைவர்களில் ஆரம்பித்து, மழை, ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியின் தண்ணீர் மோட்டார் என்று இறங்கி, கடைசியில் சொந்தக்காரர்களுக்கு வருவார், அதுவும் வயது வரிசைப்படி. முதல் விசிலுக்கு ஆலங்குளத்துப் பெரிய தாத்தா. இரண்டாவது விசிலைச் சுற்றித் தாங்களும் அத்தையும். முப்பது வயதுக்காரர்களை நெருங்கும்போது மூன்றாவது வந்துவிடும்.

இந்த இடத்தில் என் திறமையையும் சொல்ல வேண்டும். நாக்கை மடித்து மேல்பல்லில் ஒட்டி ஊதினேன் என்றால் குக்கரே தன் அண்ணன் வந்துவிட்டான் என்று நினைத்துக்கொள்ளும். போன மாதம் ஒரு காலை, இரண்டாவது விசில் முடிந்து தங்கள் பெயர் வந்துகொண்டிருந்தபோது மூன்றாவதை நானே கொடுத்துவிட்டேன். (தங்களுக்கான ஜெபம் பாதியில் நின்றதற்கு மன்னிக்கவும். அந்த வாரம்தான் அத்தைக்கு முழங்கால் வலி கூடியது என்று கேள்விப்பட்டேன்.) அப்பா ஆமென் சொன்னார், அம்மா அடுப்பை அணைத்தாள். சாதம் வேகவில்லை, ஜெபத்துக்கு மட்டும் வேகம் வந்துவிட்டது. மத்தியானம் அம்மா தலைமை டாக்டருக்கும் ஒரு தட்டு வைத்தாள், அவர் ஜல்லி மென்ற மாதிரி கடகடவென்று மென்றுவிட்டு, "இந்திய அரிசி பல்லுக்கு நல்லது" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். இப்படி ஒன்பது நாள் ஓட்டினேன், தைரியம் கூடக் கூட முதல் இரண்டு விசிலையும் நானே அடிக்க ஆரம்பித்தேன். பத்தாம் நாளும் அப்படியே மூன்று விசிலையும் வரிசையாக அடித்து முடித்தால், ஆமென் வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே," என்றார் அப்பா நிதானமாக. "இன்னைக்கு மாசத்து மொத வெள்ளிக்கிழமை. உபவாசம். அடுப்புல என்னலே வெந்துச்சு?"

"அவன்தாம்ப்பா வெந்தான்," என்றாள் பிளஸ்ஸி.

"ஏட்டி, நீ செத்த சும்மா இரு," என்று அவளை அடக்கிவிட்டு அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஒம்பது நாளா அந்தப் பெரிய டாக்டர் எம்புட்டுக் கல்லைத் தின்னுருக்காரு பாத்தியாலே. அவிய பல்லு போச்சுன்னா ஒன் பல்லக் கழட்டிக் குடுப்பியா?"

அப்பா அன்று சாயங்காலமே தங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டார்.

அதற்கடுத்த திங்கட்கிழமைதான் அந்தத் துக்க சம்பவம். அம்மா விசிலைக் கழுவி ஜன்னல் விளிம்பில் காயவைத்திருந்தாள். முற்றத்து மாமரத்துக் குரங்கு ஒன்று, கறுத்த முகமும் நீண்ட வாலுமாக வந்து, அதை எடுத்துக்கொண்டு உச்சிக் கொம்புக்குப் போய்விட்டது. நான் விட்டேனா? உயிரைத் துச்சமென மதித்து மரத்தில் ஏறினேன். ஆஸ்பத்திரி வாட்ச்மேன் பிரி என்பவர் கீழே நின்றுகொண்டு, "ஏலே, ஏலே" என்று உற்சாகப்படுத்தினார். குரங்கு என் தீரத்தைக் கண்டு அடுத்த மரத்துக்குத் தாவிவிட்டது, விசிலோடு.

அன்றிலிருந்து திறந்த பானையில் சோறு. விசில் இல்லை என்று கேட்டதும் அப்பா கவலைப்படுவார் என்று பார்த்தால், "அப்படின்னா அவசரமில்ல, கர்த்தர் நேரம் குடுத்துருக்காரு," என்று கண்ணை மூடினார். முதல் நாள் நாற்பது நிமிடம். வழக்கமாக எங்களோடு வந்து உட்காரும் பிரி, தமிழ் ஒரு எழுத்து தெரியாவிட்டாலும் இடம் பார்த்து ஆமென் போடுகிறவர், இது ஏதோ விசேஷ ஆராதனை என்று நினைத்துப் பாதியில் எழுந்துபோய் மனைவி பிள்ளைகளைக் கூட்டிவந்துவிட்டார். மறுநாள் பக்கத்து வீட்டார் பாயோடு வந்தார்கள். மூன்றாம் நாள் ஒரு பாட்டுக் குழுவே மேளத்தோடு வந்து வாசலில் காத்திருந்தது. மெஷின் இன்னும் சூடாகவில்லையே என்று அப்பாவைத் தேடிவந்த தலைமை டாக்டர், கூட்டத்தைப் பார்த்து யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து, தொப்பியைக் கழற்றிவிட்டு அவரும் முழங்காலில் நின்றார். ஒரு விசில் இல்லாத வீட்டில் இத்தனை கூட்டத்தை ஒழுங்குபடுத்தி, பாய் போட்டு, எல்லாருக்கும் டீ கொடுப்பவன் இந்தக் கிளாட்வின் ஒருவன்தான். இப்படிப்பட்டவனை ஊருக்கு அனுப்பலாமா? தாங்களே சொல்லுங்கள்.

ஆகவே மறவாமல் இரண்டு காரியம்: விசில் வரட்டும், நான் வர வேண்டாம். அத்தையின் முழங்காலுக்கு என் வணக்கம். தங்கள் வீட்டு வாசலைச் சமாதானமும், வாரத்துக்கு ஒருமுறையாவது சூடான பால்கோவாவும் தேடிவரக் கர்த்தர் கிருபை செய்வாராக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்
கிளாட்வின் (எ) ஏலே

பி.கு.: மாமா, மேலே எழுதியதில் குரங்கு நிரபராதி. விசில் என் ஃபுட்பால் சாக்ஸுக்குள் இருந்தது. நான்தான் ஒளித்தேன். அப்பா தங்களுக்கு எழுதியும் அனுப்பாமல் மேஜையிலேயே வைத்திருந்தார். இன்னும் ஒரு சேட்டை செய்தால் அனுப்பிவிடுவார் என்று கணக்குப் போட்டேன். எனக்கு அப்போது ஊருக்கு வரவேண்டும் போல இருந்தது. இராஜபாளையத்தில் என் கூட்டாளி பாண்டிச்செல்வத்திடம் ஓப்பனிங் பேட்டிங் எனக்குத்தான் என்று சொல்லிக்கூட வைத்துவிட்டேன். மரத்தில் ஏறிய தீரமும் பொய். குரங்குக் கதையை நம்பவைக்க ஏறி, பாதியில் பயந்து நின்றுவிட்டேன், பிரிதான் ஏணி கொண்டுவந்து இறக்கினார்.

நடந்தது என்னவென்றால், அந்த முதல் நாள் நாற்பதாவது நிமிடத்தில் அப்பாவின் வரிசை முப்பது வயதைத் தாண்டி, இருபதைத் தாண்டி, எனக்கு வந்துவிட்டது. பதினாறு வருடத்தில் நான் கேட்டதேயில்லை, அதற்குள் மூன்றாவது விசில் வந்துவிடும். "கடைசியா எங்க பிள்ளைக, மொதல்ல பெரியவன், ஆண்டவரே," என்றார். "இங்க வரணும்னு முடிவெடுத்தது நாங்க. அவன ஒரு வார்த்தை கேக்கல. கூட்டாளிமாரை விட்டுட்டு வந்த கோவத்தைத்தான் இப்படி விசிலடிச்சுக் காட்டுதான். அவன் மாமாவுக்கு லெட்டர் எழுதிட்டேன், அனுப்பக் கை வரல. அவன் இல்லாம இந்த வீட்டுல யாரு சிரிப்பா? எனக்குத் தெரியல. நீரே சொல்லும்." கண்ணை மூடியே இருந்தேன் மாமா. வேறு வழியில்லை, திறந்தால் பிளஸ்ஸி பார்த்துவிடுவாள்.

கடைசியில் நான் ஊருக்குப் போகத்தான் ஏங்குகிறேன் என்று நினைத்து அப்பா கடிதத்தை அனுப்பிவிட்டார். இல்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விசிலடிக்கத்தான் வருகிறது.

இன்று காலை விசிலை எடுத்துக்கொண்டுபோய் அடுப்படியில் வைத்தேன். அம்மா அதைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். "கொரங்கு திருப்பிக் கொண்டாந்துருச்சு போல," என்று சொல்லி அதை எடுத்து அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டு, உலையைத் திறந்த பானையிலேயே வைத்தாள். "போயி ஒக்காரு. அப்பா ஆரம்பிச்சிட்டாக."

ஆகையால் விசில் வேண்டாம். அந்த மாடி அறையில் அத்தையை மிளகாய் வத்தல் காயப்போடச் சொல்லுங்கள், மூலை மிச்சமில்லாமல்.