சீராக வந்த ஆம்ப்ளிஃபயரைத் திருப்பி எடுத்துக்கொள்வது குறித்து

அன்புள்ள மைத்துனர் பூவரசன் அவர்களுக்கு,

ஜமுனாமரத்தூரிலிருந்து தங்கவேல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அக்கா ஈஸ்வரியும் எங்கள் மகள் புவனாவும் புது வீட்டில் சுகம். சாமை அறுத்தாகிவிட்டது, புளி நன்றாகப் பிடித்திருக்கிறது. கலசப்பாக்கத்தில் உங்கள் குடும்பமும் ரேடியோ செட் கடையும் குறைவில்லாமல் இருக்க அண்ணாமலையார் பார்த்துக்கொள்வார். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் பேசினால் நீங்கள் சிரித்தே என் வாயை அடைத்துவிடுவீர்கள், அதனால் கடிதம்.

விஷயம் இதுதான். கிரகப்பிரவேசத்துக்குத் தாய்மாமன் சீராக நீங்கள் புவனாவுக்கு அனுப்பிய கிட்டார் ஆம்ப்ளிஃபயரையும் அதன் ஸ்பீக்கர் பெட்டியையும் எடுத்துக்கொள்ள உடனே வண்டி அனுப்புங்கள். பதிலுக்குப் பெண்ணுக்கு ஒரு பட்டுப்புடவை போதும். புடவையைத் தப்பாகக் கட்டினால் புகை வராது.

அன்று கணியம்பாடித் திருவிழாவுக்குச் செட் போட வேண்டியிருந்ததால் நீங்கள் வரவில்லை. தப்பில்லை, தொழில் முக்கியம். ஆனால் ஆம்ப்ளிஃபயரைப் பழத்தட்டு, பூத்தட்டோடு காரில் முன்னால் அனுப்பிவிட்டு, ஸ்பீக்கர் பெட்டியைக் குட்டி யானையில் பின்னால் அனுப்பினீர்களே, அங்கேதான் சனி பிடித்தது. குட்டி யானை சந்தவாசலில் டயர் வெடித்து நின்றுவிட்டது. இங்கே மேளம் வாசித்து, ஆரத்தி எடுத்து, ஆம்ப்ளிஃபயருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து நடுக்கூடத்தில் உட்கார வைத்தாயிற்று. வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். என் அக்கா நீலாவதியை உங்களுக்குத் தெரியும், சீராக வந்த மிக்சியையே நல்ல நேரத்தில் ஒரு சுற்று ஓடவிட்டுத்தான் அலமாரியில் வைப்பவள்.

"இன்னாடா தங்கவேலு, மாமன் வூட்டுச் சீரு வாயத் தொறக்காம ராகு காலத்துல குந்திக்கினு இருக்கலாமா? சுவிட்சப் போடு" என்றாள்.

புவனா குறுக்கே வந்து நின்றாள். "வேணாம் அத்தை. வால்வு செட்டு இது. ஸ்பீக்கர மாட்டாம போட்டா, சத்தம் வெளிய போக வழியில்லாம உள்ள இருக்கிற ட்ரான்ஸ்ஃபார்மரே எரிஞ்சிடும். மொதல்ல ஸ்பீக்கரு, அப்புறம்தான் கரண்ட்டு."

"ஒரு நிமிசத்துல இன்னாடி எரியும்? எம் பையன் கல்யாணத்துக்குப் பொண்ணு வர்றதுக்கு முன்னாடியே மேளம் அடிக்கல?"

மச்சான், இதில் என் நிலைமையை யோசியுங்கள். ஒரு பக்கம் கூடப் பிறந்தவள். இன்னொரு பக்கம் பெற்ற பெண், கோடை விழா மேடையில் சிநேகிதிகளோடு வாசிக்க வாய்ப்புக் கிடைத்து, இந்த ஒரு செட்டைத்தான் நம்பியிருக்கிறாள். எரிந்தால் மேடை போயிற்று. இன்னொன்று வாங்கித் தர என்னால் ஆகாது. ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷமாக அவள் தன் கரண்ட் கிட்டாரை ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் வெறுமனேதான் வாசித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் இருக்கிற எனக்குப் பல்லி நடக்கிற அளவுக்குத்தான் சத்தம் கேட்கும். அந்த வாத்தியத்துக்கே அவ்வளவுதான் குரல் என்று நினைத்துக்கொண்டு, பேங்க் பரீட்சைக்குப் படிக்கச் சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுவேன். சத்தம் வெளியே போக வழியில்லாவிட்டால் உள்ளேயே எரியும் என்று அவள் சொன்னபோது, அவள் பெட்டியைப் பற்றித்தான் சொன்னாள். எனக்குத்தான் என்னவோ போல் ஆகிவிட்டது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வாசலுக்குப் போய் மீட்டர் பெட்டியைத் திறந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு வந்தேன். "கரண்ட் போயிட்ச்சுக்கா. இருந்தாலும் நேரம் தவறக் கூடாது, நீயே ஒங்கையால சுவிட்சப் போடு" என்றேன். அக்கா கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, முன்னால் இருந்த இரண்டு சுவிட்சையும் போட்டாள். சாஸ்திரமும் ஆயிற்று, பெட்டிக்கும் பழுதில்லை. அக்காவிடம் நான் பொய் சொன்னது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு பந்தி கவனிக்கப் போய்விட்டேன்.

உங்கள் அக்காவுக்கு அந்த நேரம் பார்த்துத் தேங்காய் அரைக்க வேண்டும். மிக்சி ஓடவில்லை. வேட்டியை மாற்றும்போது நான் ஜன்னலில் வைத்த ஃபியூஸ் கட்டையைக் கண்டுபிடித்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கொண்டுபோய்ச் சொருகிவிட்டாள். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றியது. கையில் சாம்பார் வாளி. ஆம்ப்ளிஃபயரின் இரண்டு சுவிட்சும் போட்டது போட்டபடி! வாளியைச் சம்பந்தி முறைக்காரர் மடியில் வைத்துவிட்டுப் பந்தியைத் தாண்டிக் குதித்துக் கூடத்தில் சறுக்கி விழுந்து சுவிட்சை அணைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்ததா என்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை. முழங்கால் இன்னும் வீங்கியிருக்கிறது.

சாயங்காலம் ராகு காலமெல்லாம் முடிந்து ஸ்பீக்கர் பெட்டி வந்தது. அதிலும் தகராறு. மஞ்சள் கயிறு கட்டித் தட்டில் வந்த ஒயரைத்தான் மாட்ட வேண்டும் என்றாள் அக்கா. புவனாவைக் கேட்டால், அது கிட்டாரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வருகிற மெல்லிய ஒயராம், ஸ்பீக்கருக்கு மாட்டினால் சூடேறிவிடுமாம், தடி ஒயர் வேறாம். முனை இரண்டும் அச்சு அசலாக ஒன்றே போல் இருக்கிறது, யாருக்குத் தெரியும்? புவனா சத்தம் போடாமல் மஞ்சள் கயிற்றை அவிழ்த்துத் தடி ஒயரில் கட்டினாள். ஸ்பீக்கர் பெட்டியில் மின்தடை எத்தனை ஓம் போட்டிருக்கிறது என்று என்னையே படிக்கச் சொல்லி, ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் உள்ள திருகு குமிழையும் அதே எண்ணுக்கு வைத்து, ஒயரை இரண்டு பக்கமும் அழுத்தி மாட்டி, கடைசியில் சுவிட்சைப் போட்டாள். வாசித்தாள். மச்சான், என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. பல்லி நடக்கிற சத்தம் என்று நினைத்தேனே, அது இதுவா? வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

இருந்தாலும் பயம் விடவில்லை. அன்று நான் மட்டும் பாயாமல் இருந்திருந்தால்? தினம் ஒருவர் வந்து சுவிட்சைத் தொடுகிற வீடு இது. நான் புளி உலுக்கப் போய்விட்டால் அந்தப் பெட்டிக்குக் காவல் யார்? ஆகவே தயவுசெய்து வண்டி அனுப்பவும். உங்கள் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், பெரியவர்களுக்கு நமஸ்காரம்.

இப்படிக்கு,
தங்கவேல்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் புவனா வாங்கிப் படித்தாள். சிரிசிரி என்று சிரித்தாள். அன்று அத்தை சூடம் ஏற்றும் முன்பே சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிப் பெட்டிக்குப் பின்னால் போட்டுவிட்டாளாம். நான் பாய்ந்தபோதும் அது தரையில்தான் கிடந்ததாம். "அப்பவே சொல்றதுக்கு இன்னாம்மா?" என்று கேட்டேன். "எனுக்கோசரம் நீ அத்தைகிட்டயே பொய் சொன்னப்பா. அத எதுக்குக் கெடுக்கணும்னு வுட்டுட்டேன்" என்றாள். ஆகவே வண்டி வேண்டாம். இன்னொரு ஸ்பீக்கர் ஒயர் மட்டும் கொடுத்தனுப்புங்கள், தடியானது, கொஞ்சம் நீளமாக. பெட்டியைக் கூடத்தில் வைக்கப் போகிறோம். சாயங்காலம் நான் உட்காருவது அங்கேதான்.